ஏட்டியின் நடுக்கம்

எங்கள் நாய்க்குப் பெயர் கிடையாது. வைக்கக் கூடாது என்றெல்லாம் இல்லை. நல்ல பெயராக நான் யோசித்துக்கொண்டிருப்பதற்குள் அது 'ஏட்டி' என்ற சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளை உரிமையோடு கூப்பிடுகிற சொல் அது. வாசலில் நின்று நான் குரல் கொடுத்தால் தெருவில் போகிற பெண்களில் ரெண்டு பேராவது திரும்புவார்கள், நாயும் திரும்பும். என் வீட்டுக்காரர் மட்டும் அப்படியும் கூப்பிட மாட்டார். அவர் வாயில் அது 'ஒன் நாய்'. "ஒன் நாய் செருப்பக் கடிச்சிருக்கு." "ஒன் நாய் வழியில குறுக்க படுத்துக் கெடக்கு." இரண்டு வருஷமாக இதே பேச்சுதான்.

அது வந்தது ஒரு தீபாவளிக்கு முந்தின நாள். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அன்றைக்குத் தெருவில் ஒரு சரவெடி கிளம்ப, செம்பட்டை நிறத்தில் ஏதோ ஒன்று என் கால்களுக்கு நடுவே புகுந்து மெஷினுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. மெஷின் எப்போதும் சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் சாயங்காலம் வரை அசையாமல் கிடந்தது. கடையடைக்கும்போது விரட்டினேன், போகவில்லை. இழுத்தேன், வரவில்லை. கடைசியில் காகிதக் கட்டு வருகிற அட்டைப்பெட்டியில் தூக்கி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டுக்காரர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "வேற சோலி இல்லயா ஒனக்கு?" என்றார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. அவர் பேச்சு எப்போதுமே அளவுச் சாப்பாடுதான்.

ஏட்டிக்கு எதைக் கண்டாலும் பயம். குக்கர் விசில், மிக்ஸி, கேஸ் சிலிண்டர் உருளுகிற சத்தம், யாராவது குடை விரிப்பது, காய்கிற போர்வை காற்றில் அடிப்பது. மாடிப்படி என்றால் முதல் படியிலேயே நின்றுவிடும். ஒரு தடவை தனக்கே விக்கல் எடுத்து, அந்தச் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் பயந்தது. காதைத் தொட யாரையும் விடாது, என்னையும்தான். பயம் வந்தால் உடம்பு முழுக்க நடுங்கும். அந்த நடுக்கம் எங்களுக்கு மின்விசிறிச் சத்தம் போலப் பழகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள், "என்ன இப்படி நடுங்குது?" என்று கேட்டால், "அது அப்படித்தான்" என்பேன்.

எனக்கு ஒரு குணம் உண்டு. எதையும் ஏன், எப்படி என்று தோண்டாமல் விட மாட்டேன். கடைக்கு வருகிற காகிதங்களைப் படிக்கக் கூடாதுதான். ஆனால் கண் போய்விடும். யார் யாருக்குப் பாகப்பிரிவினை, யார் பெண்ணுக்கு எத்தனை மார்க், எல்லாம் எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட எனக்கு ஏட்டி விஷயத்தில் ஒன்று மட்டும் பிடிபடவே இல்லை. வேட்டுச் சத்தம் கேட்டால் அது காணாமல் போய்விடும்.

சுற்றிலும் தீப்பெட்டியும் பட்டாசும் செய்கிற ஊர் இது. கல்யாணத்துக்கு வேட்டு, காதுகுத்துக்கு வேட்டு, கேதம் விழுந்தால் சாவு ஊர்வலத்துக்கும் வேட்டு. ஒவ்வொரு தடவையும் நான் கட்டிலுக்கு அடியில் பார்ப்பேன், பீரோவுக்குப் பின்னால் பார்ப்பேன், குளியலறையில் பார்ப்பேன். எங்கும் இருக்காது. கதவும் பூட்டித்தான் இருக்கும். சத்தமெல்லாம் அடங்கிய பிறகு, ஒன்றுமே நடக்காதது மாதிரி அடுப்படி வாசலில் வந்து படுத்திருக்கும். மாடியில் விதை மூட்டை போட்டிருக்கிற அறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பவரிடம் கீழே இருந்தபடியே, "ஏட்டியப் பாத்தீங்களா?" என்று கத்துவேன். "ஒன் நாய நான் எதுக்குப் பாக்கேன்?" என்று பதில் வரும்.

இந்த ஐப்பசியில் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் கரிசல் உண்டு. ஊர்தான் எப்போதும் வென்றிருக்கிறது, எங்கள் நிலம் ஒரு தடவைகூட வென்றதாக ஞாபகம் இல்லை. அதில் வீட்டுக்காரர் மக்காச்சோளம் போட்டிருந்தார். படைப்புழு விழுந்துவிட்டது என்று நாள் தவறாமல் மொபெட்டில் போய் மருந்தடித்துவிட்டு வருவார். அவர் சட்டை, துண்டு, வீட்டு வாசல், எல்லாம் அந்த வாடைதான். எனக்கு அந்த வாடை மூக்கில் ஏறாத அளவுக்குப் பழகிப்போயிருந்தது.

கரிசலில் மழை விழுந்தால் ஆட்டுக்காரர்கள் பாடு திண்டாட்டம். மண் பசையாகி ஆட்டுக் குளம்போடு ஒட்டிக்கொள்ளும். ஈரத்தில் நின்றால் குளம்பு அழுகும். அதனால் மேடான காலிமனைகளைத் தேடி மந்தையை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். எங்கள் வீட்டை ஒட்டிய மனையில் இந்த முறை ஒரு மந்தை மூன்று நாள் நின்றது. நான் காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அந்த ஆட்டுக்காரரை ஆயிரம் கேள்வி கேட்டேன். இத்தனை ஆட்டில் எந்தக் குட்டி எந்த ஆட்டுக்கு என்று எப்படித் தெரியும், கிடா ஏன் சில நாள் தனியாக நிற்கிறது, இப்படி. மனுஷர் சலிக்காமல் பதில் சொன்னார். ஒரு சாயங்காலம் அவர் வாளியில் தண்ணீர் வைத்து, பாட்டில் மூடியில் எதையோ அளந்து ஊற்றி, சாக்குத் துணியை முக்கி ஆடுகளின் காதிலும் தொடையிடுக்கிலும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி அது?"

"உண்ணிக்குத் தாயி. ஒரு வாளிக்கு ஒரு மூடி."

என்ன மருந்து என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்கிறவள் அதைக் கேட்கவில்லை. வீட்டுக்காரரும் அப்போது மொபெட்டைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார்.

ஆடுகள் போய்விட்டன. உண்ணிகள் சுவரேறி இந்தப் பக்கம் வந்துவிட்டன. ஏட்டி இரவு பகலாகக் காதைச் சொறிந்தது. நான் கழுத்திலும் முதுகிலும் பிடித்த மட்டும் பிடுங்கிப் போட்டேன். காதுக்குள் பார்க்க விடவில்லை. மருந்து வாங்க வேண்டும், மருந்து வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஒரு வாரத்தைக் கடத்தினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடம்பூரில் ஒரு சொந்தக்கார வீட்டு வளைகாப்பு. காலையில் போய்விட்டு இருட்டுவதற்குள் வந்துவிட்டேன். கடம்பூர் போனால் போளி வாங்காமல் வர முடியாது. ஏட்டிக்கும் போளி என்றால் உயிர். பொட்டலத்தின் நூலை அவிழ்ப்பதற்குள் காலைச் சுற்றும். அன்றைக்கு வரவில்லை. கூடத்து மூலையில் படுத்து நடுங்கிக்கொண்டிருந்தது. போளியை மூக்குக்கு நேரே நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"என்ன ஆச்சு இதுக்கு?"

"மத்தியானம் கேதம் ஒண்ணு போச்சு. வேட்டு போட்டானுவ" என்றார் அவர், நாற்காலியில் உட்கார்ந்தபடி.

சரி, வேட்டுக்குத்தான் பயந்திருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். வேட்டு முடிந்து இத்தனை நேரம் ஆன பிறகும் ஏன் நடுங்குகிறது என்று ஒரு கேள்வி எழுந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அதை அமுக்கிவிட்டேன். போளியை நானே தின்றேன்.

காலையில் எழுந்து பார்த்தால் தரையெல்லாம் எச்சில். வாயிலிருந்து நூலாக வடிந்துகொண்டே இருந்தது. எழுந்து நின்றால் பின்னங்கால் இரண்டும் பின்னிக்கொண்டு சரிந்தது. கண்ணிலிருந்தும் தண்ணீர். நடுக்கம் தோலுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்தது, ஒரு நொடிகூட நிற்கவில்லை. "ஏங்க, மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்" என்றேன். 'ஒன் நாய்' என்று ஏதாவது சொல்வார் என்று சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் கொடியில் கிடந்த துண்டை எடுத்து அதைச் சுற்றித் தூக்கிக்கொண்டார். அவர் அதைத் தொட்டு நான் பார்த்தது அன்றுதான்.

தெருமுனை ஆட்டோக்காரர், "நாயா அக்கா? சீட்டு பாழாப் போயிரும்லா" என்று இழுத்தார். "நான் மடியில வச்சிக்கிடுதேன்" என்றார் வீட்டுக்காரர். போகிற வழியெல்லாம் அவருடைய வெள்ளை வேட்டியில் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு டீ சிந்தினாலே முகம் சுளிக்கிற மனுஷர், அதைத் துடைக்கவே இல்லை.

கால்நடை ஆஸ்பத்திரியில் நாய் என்று வந்தது நாங்கள் மட்டும்தான். மற்றதெல்லாம் ஆடும் மாடும். சினை பார்க்க வந்த பசு ஒன்று இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குள் நின்றிருந்தது. ஒரு அம்மா வயர் கூடைக்குள் சேவலை வைத்துக்கொண்டு, அது தலையை நீட்டும்போதெல்லாம் அமுக்கிக்கொண்டிருந்தார். வேறு நாளாக இருந்தால் ஒவ்வொருவரையும் விசாரித்திருப்பேன். வரிசையில் எங்களுக்கு முன்னால், கால் வீங்கிய கிடாவோடு அதே ஆட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க தாயி" என்று நகர்ந்து இடம் விட்டார்.

நாயை ஒரு நிமிஷம் பார்த்தார். ஏட்டியின் கீழுதட்டை இரண்டு விரலால் இறக்கி ஈறைப் பார்த்தார். வேறு சமயமாக இருந்தால் அது அலறியிருக்கும்.

"எங்கயும் மேஞ்சிட்டு வந்துச்சா?"

"நாய் எங்க அண்ணாச்சி மேயும்?"

"அதுக்கில்ல. மருந்தடிச்ச காட்டுல மேஞ்ச ஆட்டுக்கு இப்பிடித்தான் வாயில நூலா வடியும். காலும் பின்னும். அதான் கேட்டேன்."

எனக்குச் சட்டென்று ஒரு சுறுசுறுப்பு வந்தது. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். நாய் சாகக் கிடக்கிறது, எனக்கோ துப்பு கிடைத்த சந்தோஷம். எங்கே போய் எதைத் தின்றிருக்கும், தெருமுனைக் குப்பையா, பக்கத்து வீட்டில் எலிக்கு வைத்ததா என்று வீட்டுக்காரரிடம் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனேன். அவர் வாயே திறக்கவில்லை. அவர் பேசாமல் இருப்பது எனக்குப் புதிதில்லை என்பதால் அதில் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆட்டுக்காரர் தன் முறையை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். டாக்டர் சின்ன வயசுப் பெண். வேறு மாவட்டம், பேச்சிலேயே தெரிந்தது. தகர மேசையில் ஏட்டியைக் கிடத்தினோம்.

"எப்ப இருந்து நடுங்குது?"

"இது எப்பவும் நடுங்கும் டாக்டர்" என்றேன். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்று நினைக்கிறேன். "பயந்த நாய். வேட்டு, குக்கர், குடை, எல்லாத்துக்கும் நடுங்கும். நேத்து வேட்டு போட்டாங்க."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே ஸ்டெதாஸ்கோப் குழாயை அதன் நெஞ்சில் வைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வெகுநேரம் கேட்டார். நெற்றி சுருங்கியது.

"பயந்த நாய்க்கு நெஞ்சு படபடன்னு அடிக்கணும்மா. இதுக்கு ரொம்ப மெதுவா அடிக்குது."

பிறகு ஒரு சின்ன டார்ச்சை எடுத்து அதன் கண்ணுக்குள் அடித்தார். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். தேன் நிறக் கண்ணின் நடுவே கருமணி ஒரு கடுகளவு இருந்தது.

"பயந்தா இது விரியும். மனுஷங்களுக்கும் அப்படித்தான், நாய்க்கும் அப்படித்தான். இங்க பாருங்க, சுருங்கிப்போய் இருக்கு. இது பயத்துல வர்ற நடுக்கம் இல்லை. பூச்சி மருந்து ஏதாவது பட்டுச்சா? தின்னுச்சா?"

"இல்லவே இல்ல டாக்டர்" என்றேன் அடித்துச் சொல்கிற குரலில். "வீட்டுக்குள்ளதான் வச்சிருக்கோம். மருந்து பாட்டிலெல்லாம் மாடியில பூட்டி இருக்கு."

"பட்டுச்சு" என்றார் வீட்டுக்காரர்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நாந்தான் தேச்சேன். காதுக்குள்ள உண்ணி கொத்துக் கொத்தா இருந்துச்சு. ரத்தம் வர்ற மட்டும் சொறியுது. பாக்க முடியல. அவிய ஆட்டுக்குத் தேச்ச மாதிரி, அர வாளித் தண்ணியில ஒரு மூடி ஊத்தி..." வெளியே நின்ற ஆட்டுக்காரரை நோக்கிக் கை லேசாக எழுந்தது. "சாயங்காலமே நடுக்கம் வந்துட்டு. வேட்டுக்குத்தான்னு நெனச்சேன்."

"எந்த மருந்து?" என்றார் டாக்டர்.

"மக்காச்சோளத்துக்கு அடிக்கதுதான்."

வாசலில் இருந்து ஆட்டுக்காரர் பதறிவிட்டார். "அய்யய்யோ, நாந் தேச்சது இங்கன குடுத்த உண்ணி மருந்துல்லா அண்ணாச்சி! காட்டு மருந்தா தேச்சீங்க?"

வீட்டுக்காரர் மூடியையும் வாளியையும் பார்த்திருக்கிறார். பாட்டிலைப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

டாக்டர் அதற்குள் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். கோபம் அவர் கையில் இல்லை, குரலில் இருந்தது. "ஆட்டு மருந்தையே நாய்க்கு அப்படியே போடக் கூடாதுய்யா. நீங்க வயலுக்கு அடிக்கிறதைப் போட்டிருக்கீங்க. ஆடு உடம்பை நக்காது. நாய் நக்கும். தோல் வழியாவும் உள்ள போயிருக்கு, வாய் வழியாவும் போயிருக்கு." எனக்கும் ஒரு திட்டு விழுந்தது. "எப்பவும் நடுங்கும்னு நீங்க சொன்னதை நம்பி அனுப்பியிருந்தா சாயங்காலம் தாண்டியிருக்காது."

பிழைக்குமா என்று கேட்டேன். ஊசி போட்டுப் பார்க்கலாம், இன்று முழுக்கத் தாண்ட வேண்டும், இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார். முதலில் உடம்பில் ஒட்டியிருப்பது போக வேண்டும், சோப்புப் போட்டு மூன்று தடவை குளிப்பாட்டுங்கள் என்று வீட்டுக்காரர் கையில் ரப்பர் கையுறையைக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மாடுகளுக்கான தண்ணீர்த் தொட்டி. எதிர்க் கடையில் நீலச் சோப்பு வாங்கிக்கொண்டு நான் வந்தபோது அவர் வேட்டியை மடித்துக் கட்டி ஏட்டியை இரண்டு முட்டிக்கு நடுவே நிறுத்தியிருந்தார். அது நிற்கவில்லை, அவர்தான் நிறுத்தியிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தச் சோப்பையே அவர் மண்டையில் எறிய வேண்டும் போலிருந்தது. இரண்டு வருஷமாகத் திரும்பிப் பார்க்காத மனுஷனுக்கு, நான் ஊரில் இல்லாத ஒரு நாள் பார்த்து என்ன அக்கறை? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? எச்சில் வடிவதைப் பார்த்த பிறகாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா? எதையும் கேட்காமல் சோப்பை நீட்டினேன். அவர் குனிந்து அதன் காதுமடலைத் திருப்பி விரலால் நுரையைத் தேய்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் தொட்டித் தண்ணீரை அள்ளி ஊற்றினேன்.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. காதுக்குள் உண்ணி இருந்ததை இவர் எப்படிப் பார்த்தார்? யாரையும் தொடவிடாத காது. இரண்டு வருஷம் சோறு போட்ட எனக்கே காட்டாத காது. கேட்கலாமா என்று பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

குளிப்பாட்டிக் கொண்டுவந்து வராந்தாவில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தோம். டாக்டர் இரண்டாவது ஊசி போட்டார். கால் மணிக்கு ஒரு தடவை கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று அந்தச் சின்ன டார்ச்சை என்னிடமே கொடுத்துவிட்டார். என்னைப் போன்றவளுக்கு ஒரு வேலை கொடுக்காவிட்டால் அவரைக் கேள்வி கேட்டே கொன்றுவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் நாலடி தள்ளி வராந்தாப் படியில், ஈர வேட்டியோடு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

முதல் தடவை பார்த்தேன். கடுகு.

இரண்டாம் தடவையும் கடுகுதான். ஆனால் வாயைத் துடைத்தால் உடனே நனையவில்லை. மூன்றாம் தடவை எனக்குச் சந்தேகமாக இருந்தது. "கம்பளவு இருக்கும் டாக்டர்" என்றேன். அவர் அரை நொடி விழித்துவிட்டு, "கம்புன்னா நல்லதுதான்" என்று உள்ளே இன்னொரு மாட்டைப் பார்க்கப் போனார். கிடாவுக்குக் கட்டுப் போட்டு முடித்த ஆட்டுக்காரரும் வீட்டுக்குப் போகாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். "கூடுதா தாயி?" என்று அங்கிருந்தே கேட்டார். "கூடுது அண்ணாச்சி." படியில் இருந்தவர் திரும்பவில்லை. ஆனால் அவர் தலை இந்தப் பக்கம் சாய்ந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

மத்தியானம் தாண்டியது. நடுக்கம் மெல்ல மெல்லக் குறைந்து, தொடையில் மட்டும் லேசாக ஓடி, பிறகு அங்கேயும் நின்றது. அது நின்றதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை ஆள், மாடு, சத்தத்துக்கு நடுவே ஏட்டி நடுங்காமல் படுத்து நான் பார்த்ததே இல்லை. மூக்கின் அருகே புறங்கையை வைத்தேன். மூச்சு வந்தது. டார்ச்சை அடித்தேன். கருமணி உளுந்தளவுக்கு வந்திருந்தது.

"உளுந்து!" என்று கத்தினேன்.

அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு பஸ் ஏர்ஹாரனை அலறவிட்டது.

ஏட்டி துள்ளி எழுந்தது. ஒரு கால் சறுக்கி, சமாளித்து நின்றது. காதுகள் பின்னால் போய் ஒட்டிக்கொண்டன. பக்கத்திலேயே நான் இருந்தேன், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு. என்னைப் பார்த்தது. பார்த்துவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடிப் போய், படியில் உட்கார்ந்திருந்தவரின் கால்களுக்கு நடுவே தலையை நுழைத்தது; ஈர வேட்டியை மூக்கால் விலக்கி உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இடது முழங்காலைக் கொஞ்சம் அகட்டி இடம் விட்டார். வலது கை தானாகப் போய், வேட்டிக்கு மேலாக, அதன் காது இருக்கிற இடத்தில் உட்கார்ந்தது. இரண்டு பேருமே யோசித்து எதையும் செய்யவில்லை. பல தடவை செய்து பழகியது போல இருந்தது.

நான் எழுந்து போய்ப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன்.

"தீபாவளிக்கும் ஒங்க காலடியிலதான் கெடந்துச்சா?"

ரோட்டைப் பார்த்தபடியே, "மாடியில" என்றார்.

"அது படி ஏறாதுல்லா?"

"வேட்டு போட்டா ஏறும்."

இரண்டு வருஷம் கட்டிலுக்கு அடியில் தேடியிருக்கிறேன். நேற்று வேட்டுப் போட்டபோதும் அங்கேதான் கிடந்திருக்கும். அப்போதுதான் காதுக்குள் பார்த்திருப்பார்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். சாக்கு காலியாக இருப்பதைப் பார்த்தார். வேட்டிக்குள் ஏதோ கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "மறுபடியும் நடுக்கமா? இன்னொரு ஊசி..."

"இல்ல டாக்டர்" என்றார் வீட்டுக்காரர். "இது பயம்."

"எப்படிச் சொல்றீங்க?"

அவர் கை அசையாமல் அங்கேயே இருந்தது. "பயந்து நடுங்குனா, கைய வச்சா கொஞ்ச நேரத்துல நிக்கும். எப்பவும் நிக்கும்." ஈர வேட்டியை இன்னொரு கையால் இழுத்து அதை மூடினார். "நேத்து சாயங்காலமெல்லாம் கைய வச்சிப் பாத்தேன். நிக்கல."

டாக்டர் படியில் குத்தவைத்து, வேட்டிக்குள் குழாயை விட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். காதில் வைத்துக்கொண்டேன். படபடபடவென்று, எண்ண முடியாத வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. குழாயைக் கழற்றி வீட்டுக்காரர் காதில் மாட்டினேன். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை எடுக்காமல், அவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நிக்கும் ஏட்டி, நிக்கும்" என்றார். நான் கேட்க அவர் அதைக் கூப்பிட்டது அன்றுதான்.